வேளச்சேரி வீக்கெண்ட் டிபிஏ வகுப்பு: ரீஸ்டோருக்காகப் போகலாம், வேலைக்காகப் போகாதீர்கள்

பணம் கட்டலாமா வேண்டாமா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேட்டாபேஸ் பக்கம் ஓரிரு வருடமாவது வேலை பார்த்தவர் என்றால் தாராளமாகக் கட்டலாம்: ரீஸ்டோர், அதாவது தொலைந்த டேட்டாவை பேக்கப்பிலிருந்து மீட்பதை, நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். காலேஜ் முடித்த கையோடு, டிபிஏ (டேட்டாபேஸை நிர்வகிப்பவர்) கோர்ஸ் படித்தால் வேலை நிச்சயம் என்று யாரோ சொன்னதை நம்பி வருகிறவர் என்றால் வேண்டாம். ஏன் என்று கேட்பவர்கள் மேலே படியுங்கள்.

இடம், விஜயநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். கீழே ஜெராக்ஸ் கடை, முதல் மாடியில் பல் டாக்டர், இரண்டாவது மாடியில் இது. லிஃப்ட் இருக்கிறது, ஓடாது. பெயரைப் போடவில்லை. திட்டியும் எழுதப்போகிறேன், பாராட்டியும் எழுதப்போகிறேன். முதலாவதற்கு வக்கீல் நோட்டீஸ் வர வேண்டாம், இரண்டாவதை விளம்பரத்தில் போட வேண்டாம். வேளச்சேரியில் இந்த வகை இன்ஸ்டிட்யூட்டுகள் தெருவுக்கு ஒன்று இருப்பதால், கீழே சொல்வதை வைத்து நீங்கள் போகிற இடத்தைச் சோதித்துக்கொள்ளலாம்.

நான் ஓஎம்ஆரில் ஒரு சரக்குப் போக்குவரத்து கம்பெனியில் டேட்டாபேஸ் டீமைப் பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ், ஒரு பழைய ஆரக்கிள், யாரும் தொடப் பயப்படுகிற ஒரு மைஎஸ்க்யூஎல். மூன்றும் டேட்டாபேஸ் மென்பொருள்கள். டீமுக்குப் புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அவர்களை எங்கேயாவது அனுப்பிப் படிக்க வைக்கலாம் என்றால், ஆஃபீஸில் எந்த இடம் நல்ல இடம் என்று கேட்டார்கள். விளம்பரத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அதனால் நானே பணம் கட்டி, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கட்டணம் 28,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. சனி, ஞாயிறு காலைகளில் வகுப்பு, சுமார் இரண்டரை மாதம்.

முன்னால் உட்கார்ந்திருக்கும் கவுன்சலர் பெண்ணிடம் பேசியதுதான் இந்த அனுபவத்திலேயே மோசமான பகுதி. "மேம், ப்ளேஸ்மென்ட் நூறு பர்சென்ட்" என்றார். எழுதித் தருவீர்களா என்றேன். சிரித்தார். அதற்கப்புறம் குரலைத் தாழ்த்தி, ஃப்ரெஷராக இருந்தால் ரெஸ்யூமில் மூன்று வருட அனுபவம் "ஆட் பண்ணித் தருவோம்" என்றார். இன்டர்வியூ எடுக்கிற பக்கம் உட்கார்ந்திருக்கிறவள் நான். இப்படி ஒட்டவைத்த மூன்று வருடம் இரண்டாவது கேள்வியிலேயே கழன்றுவிடும். "கடைசியாக எப்போது ரீஸ்டோர் பண்ணீங்க, எது தப்பாப் போச்சு?" என்று கேட்டால் போதும். நிஜமாகவே செய்தவர் நிறுத்தாமல் பேசுவார். சர்டிபிகேட் பரீட்சைக்கு டம்ப் கேள்விகள், அதாவது கசிந்த கேள்விகள், கொடுப்பதும் அதே மேஜையில்தான் நடக்கிறது. அந்த பிடிஎஃப்பை எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். திறக்கவில்லை.

முதல் சில வாரங்களைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். இன்ஸ்டால் செய்வது, யூசர் உருவாக்குவது, டேபிள்ஸ்பேஸ். யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிற சரக்கு. லேப் கம்ப்யூட்டர்கள் சுமார்தான். எட்டு பேர் ஒரே நேரத்தில் விர்ச்சுவல் மெஷினை ஏற்றினால் ஏசியும் திணறுகிறது.

ஆனால் அந்த வாரங்களிலேயே பாடம் எடுக்கும் சார் யார் என்று தெரிந்துவிட்டது. ஐம்பதைத் தாண்டியவர். வங்கிப் பக்கம் பல வருடம் டிபிஏவாக இருந்துவிட்டு வந்தவர். பையன்களை "தம்பி" என்பார், எங்களை "ஏம்மா" என்பார். டெலீட் எழுதச் சொல்லிக்கொடுத்த விதமே வேறு. முதலில், எந்த வரிகள் என்று குறிக்கிற அதே வேர் (where) கண்டிஷனை வைத்து, எண்ணிச் சொல்கிற செலக்ட் கவுண்ட் போடு. எத்தனை வரி என்று நோட்டில் எழுது. அதற்கப்புறம் பிகின், டெலீட். டெலீட் சொல்கிற எண்ணும் நோட்டில் இருக்கிற எண்ணும் ஒன்றா? ஒன்றென்றால் கமிட், அதாவது நிரந்தரமாக்கு. இல்லையென்றால் ரோல்பேக், அதாவது பழையபடி ஆக்கிவிட்டு, "கையைக் கட்டிட்டு உக்காரு, யோசி." கீபோர்டில் அடிப்பதற்கு முன்னால் பேனாவால் எழுத வைக்கிறார் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. மைஎஸ்க்யூஎல் கிளையன்டில் வேர் இல்லாத டெலீட், அப்டேட்டைத் தடுக்கிற சேஃப் அப்டேட்ஸ் ஆப்ஷனையும் காட்டினார். அதற்கு இன்னொரு பெயரும் அந்த மென்பொருளிலேயே உண்டு: ஐ ஆம் எ டம்மி. "வெக்கப்படாம போட்டுக்க தம்பி" என்றார். எங்கள் டீமில் எல்லோருக்கும் அது இப்போது டிஃபால்ட்.

இன்னொரு நல்ல வகுப்பு, நான் எதிர்பார்க்காதது. ஆரக்கிளில் பெயருக்கான காலத்தை (column) வார்சார்2, 20 என்று, அதாவது 20 அளவுள்ள எழுத்து வகையாக வைத்து, அதில் முருகேசன் என்று தமிழிலேயே ஏற்றச் சொன்னார். ஓஆர்ஏ 12899, இடம் போதவில்லை என்று எரர். இருபதில் முருகேசன் அடங்கமாட்டானா என்று ஒரு பையன் கேட்டான். ஆரக்கிள் வழக்கமாக அந்த இருபதை பைட்டாகத்தான் எண்ணும். எழுத்துகளைச் சேமிக்கிற யூடிஎஃப் 8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். முருகேசனில் கொக்கி, கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து 9 குறியீடுகள், ஆக 27 பைட். காலத்தை 20 கேரக்டர் என்று வெளிப்படையாக அறிவித்தால் சரியாகிவிடும். தமிழ்நாட்டில் அரசு வேலையோ வங்கி வேலையோ செய்கிற எந்த டேட்டாபேஸிலும் இது வரும். இதைச் சொல்லிக்கொடுக்கிற சிலபஸை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இனி, நான் பணம் கட்டியது வீண் போகவில்லை என்று நினைக்க வைத்த ஞாயிறு.

அன்றைக்கு முழு நாள் வகுப்பு. ஆளுக்கு ஒரு போஸ்ட்கிரெஸ் சர்வர். உள்ளே ஒரு மளிகைக் கடையின் ஆர்டர், வாடிக்கையாளர், ஸ்டாக் டேபிள்கள். பின்னணியில் ஒரு ஸ்கிரிப்ட் நிமிடத்துக்குச் சில ஆர்டர்களைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. முந்தின நாளே எல்லோரும் பேஸ் பேக்கப் (முழு நகல்) எடுத்துவிட்டோம், வால் (WAL) ஆர்க்கைவும், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் கோப்புகளின் நகலெடுப்பும், ஓடுகிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஆர்டர் டேபிளைக் காணோம். லேப் அசிஸ்டென்ட் நாங்கள் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு மெஷினிலும் ஒவ்வொரு நேரத்தில் அதை ட்ராப் பண்ணிவிட்டு, அதாவது டேபிளையே அழித்துவிட்டு, போயிருக்கிறார். எப்போது என்று சொல்லமாட்டார்கள். நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

பாதிப் பேர் உடனே அந்த சர்வர் மேலேயே ரீஸ்டோர் பண்ணக் கிளம்பினார்கள். சார் ஓடி வந்து கையைப் பிடிக்காத குறை. "உடைஞ்சது கெடக்கட்டும். அதுல ஸ்டாக் டேபிள், கஸ்டமர் டேபிள் ரெண்டும் உசுரோட இருக்கு பாரு. பக்கத்துல புது எடத்துல ரீஸ்டோர் பண்ணு." வேறு போர்ட்டில் இன்னொரு போஸ்ட்கிரெஸை எழுப்பி, ட்ராப் நடந்ததற்கு ஒரு நிமிடம் முன்வரை கொண்டுவந்து, அதிலிருந்து ஆர்டர் டேபிளை மட்டும் டம்ப், அதாவது கோப்பாக நகல், எடுத்து உயிரோடு இருக்கிற சர்வரில் ஏற்ற வேண்டும். இதுதான் நிஜ உலகத்தில் நடப்பது. முழு டேட்டாபேஸையும் பின்னோக்கி இழுத்தால், ஒரு டேபிளைக் காப்பாற்றப் போய் மற்ற எல்லாவற்றிலும் அதற்குப் பிறகு நடந்தது காணாமல் போய்விடும்.

அடுத்த பொறி, நேரம். சர்வர் தன் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் லாகைப் பார்த்தவர்களுக்கு ட்ராப் நடந்தது 8:20 வாக்கில் என்று தெரிந்தது. லாகைப் பார்க்காமல் அசிஸ்டென்டின் முகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள், மதியம் 1:50 வாக்கில் என்று முடிவு கட்டி, எதுவரை மீட்க வேண்டும் என்கிற டார்கெட் நேரமாக 13:49 என்று கொடுத்தார்கள். இரண்டும் ஒரே நேரம்தான். சர்வர் ஓடுவது உலகப் பொது நேரமான யூடிசியில், நம் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னால். டைம்ஸோன் சொல்லாமல் 13:49 என்று கொடுத்தால், அந்த சர்வர் அதை யூடிசியாக எடுத்துக்கொள்ளும். நம் கணக்கில் அது ராத்திரி 7:19, இன்னும் வரவே இல்லை. போஸ்ட்கிரெஸ் 13க்கு முந்தைய பதிப்பாக இருந்தால், டார்கெட்டை எட்டாமலே வால் தீரும்வரை ஓடி, ட்ராப்பையும் சேர்த்து ரீப்ளே பண்ணிவிட்டு சமர்த்தாக எழுந்து நின்றிருக்கும். 13லிருந்து, டார்கெட்டை எட்டவில்லை என்று எரர் கொடுத்து நின்றுவிடுகிறது. பையன்கள் அந்த எரரைத் திட்டினார்கள். அது அவர்களைக் காப்பாற்றியது என்று புரிய அரை மணி நேரம் ஆனது.

இன்னும் சிலர் ஏதோ பழைய பக்கத்தைப் பார்த்து ரெக்கவரி டாட் கான்ஃப் என்கிற மீட்பு அமைப்புக் கோப்பை உருவாக்கிவிட்டு, சர்வர் ஏன் எழவே மாட்டேன் என்கிறது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். 2019இல் வந்த 12ஆம் பதிப்போடு அந்தக் கோப்புக்கு வேலை போய்விட்டது. இருந்தால் சர்வர் எழாது. இப்போது ரெக்கவரி டாட் சிக்னல் என்று ஒரு காலிக் கோப்பு வைத்தால் போதும், மீதியெல்லாம் வழக்கமான கான்ஃபிக்கில். சரியாகச் செய்தவர்களுக்கும் கடைசியில் ஒரு பதற்றம் பாக்கி இருந்தது. டார்கெட்டை எட்டியதும் சர்வர் அப்படியே இடைநிறுத்தத்தில் (pause) நிற்கிறது, எழுத முடியவில்லை. "அது உனக்காகத்தான் நிக்குது. டேபிள் இருக்கா, கடைசி ஆர்டர் எது, பாரு. திருப்தின்னா ரெஸ்யூம் குடு, தொடரட்டும்" என்றார் சார்.

இரண்டு மெஷின்களில் மட்டும் வேறு கதை. ஆர்க்கைவ் போய்ச் சேரும் ஃபோல்டரில் ஒன்றுமே இல்லை. ஆர்க்கைவ் கமாண்டில் காப்பி செய்யும் கட்டளைக்குப் பதில், எது கேட்டாலும் "வெற்றி" என்று மட்டும் சொல்கிற ட்ரூ கட்டளையை அசிஸ்டென்ட் வைத்திருக்கிறார். போஸ்ட்கிரெஸைப் பொறுத்தவரை எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. மானிட்டரிங்கில் பச்சை. கோப்பு ஒன்றுகூட இல்லை. அந்த இரண்டு பேருக்கும் முந்தின நாள் பேக்கப் மட்டும்தான் மிச்சம். ஒரு பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது, பயிற்சிதான் என்று தெரிந்தும்.

அப்போதுதான் சார், மென்பொருள் கோடைச் சேமிக்கும் தளமான கிட்லேப்பின் கதையைச் சொன்னார். 2017 ஜனவரி 31. நகல் சர்வரான ரெப்ளிகாவில் டேட்டா டைரக்டரியைத் துடைக்கப் போன எஞ்சினியர், முதன்மை சர்வரான ப்ரைமரியில் துடைத்துவிட்டார். சுமார் 300 ஜிபி. சட்டென்று நிறுத்தியும் நாலரை ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப் இருக்கிறதே என்று பார்த்தால், டேட்டாபேஸ் 9.6, டம்ப் எடுக்கும் டூல் 9.2. பதிப்பு ஒத்துப்போகாமல் ஃபெயில் ஆகிக்கொண்டிருக்கிறது. ஃபெயில் ஆனால் மெயில் வர வேண்டும், அந்த மெயிலையும் மெயில் சர்வர் திருப்பி அனுப்பியிருக்கிறது. கடைசியில் கைகொடுத்தது, வேறு ஒரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னால் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நகல். இந்தக் கதையை நான் எத்தனையோ முறை ஸ்லைடில் பார்த்திருக்கிறேன். காலி ஃபோல்டரை வெறித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு எதிரில் நின்று சொன்னபோதுதான் அறை அமைதியானது.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே நடுநடுவே சார் பக்கத்து அறைக்குப் போய் ஒவ்வொருவர் மொபைலுக்கும் போன் அடிப்பார். இப்போது அவர் மேனேஜர். "என்னப்பா ஆச்சு? எப்ப வரும்? கஸ்டமர் லைன்ல இருக்காங்க." ஒரு பையன் "அஞ்சு நிமிஷத்துல வந்துடும் சார்" என்றான். சார் திரும்பி வந்து ஒயிட்போர்டில் அவன் பெயரை எழுதி, பக்கத்தில் 5 என்றும், சொன்ன நேரத்தையும் எழுதினார். அடுத்த போன், "இன்னும் பத்து நிமிஷம்." அதுவும் போர்டுக்குப் போனது. சாயந்திரம் பார்த்தால் போர்டு முழுக்க வாக்குறுதிகள். கடைசி நெடுவரிசையில் நிஜமாக முடிந்த நேரம். அந்தப் பையனுக்கு ஆனது இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஒரே ஒரு பெண் மட்டும், "எப்ப முடியும்னு இப்ப தெரியாது சார். பேக்கப் காப்பி ஆயிட்டிருக்கு, பாதி ஆயிருக்கு. மூணேகாலுக்கு நானே கூப்பிடறேன்" என்றாள். மூணேகாலுக்குக் கூப்பிடவும் செய்தாள். டெக்னிக்கலாக அவள் அந்த பேட்ச்சில் நடுத்தரம்தான். ஆனால் நாளைக்கே நிஜ வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் ப்ரொடக்‌ஷன் விழுந்தால், எல்லோரும் ஒரே லைனில் பேசுகிற பிரிட்ஜ் கால் (call) நடக்கும்போது என் பக்கத்தில் அவள் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். வகுப்பு முடிந்ததும் ரெஸ்யூம் கேட்டு வாங்கிவிட்டேன், அனுபவம் ஆட் பண்ணாத ரெஸ்யூம்.

அடுத்த வாரம் இதன் தொடர்ச்சி. எல்லோரும் செய்ததை ரன்புக், அதாவது படிப்படியான வழிமுறைக் குறிப்பு, என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். வந்ததும் சார் எழுதின சீட்டைத் தூக்கிப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டார். அவர் அதை மட்டும் பார்த்து ரீஸ்டோர் பண்ண வேண்டும், எழுதினவர் வாயைத் திறக்கக்கூடாது. என் கைக்கு வந்த சீட்டில் நாலாவது வரி: "பேக்கப் ஃபோல்டருக்குப் போகவும்." எந்த சர்வரில், எந்தப் பாதை, எந்த யூசராக? ஒன்றும் இல்லை. எழுதின தம்பி எதிரில் உட்கார்ந்து நெளிந்துகொண்டிருந்தான். ராத்திரி இரண்டு மணிக்கு ஆன்கால் (அழைத்தால் வர வேண்டிய) டியூட்டியில் இருக்கிற, அந்த சிஸ்டத்தையே பார்த்திராத ஒருவருக்காக எழுதுவது என்றால் என்ன என்று இதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க முடியாது.

டிஆர், அதாவது பேரிடருக்கான மாற்று ஏற்பாடு, பற்றிய வகுப்பு சின்னது, ஆனால் ஊர் மண்ணோடு இருந்தது. ப்ரைமரி அம்பத்தூரில், டிஆர் சர்வர் சிறுசேரியில், இரண்டும் சென்னைப் பக்கமே, என்று ஒரு கற்பனைக் கம்பெனியை போர்டில் வரைந்து, 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயல் அன்று என்ன ஆகும் என்று கேட்டார். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் வடியாமல், கரன்ட் இல்லாமல் நாள்கணக்கில் கிடந்ததை வகுப்பில் பாதிப் பேர் நேரில் பார்த்தவர்கள். சர்வர் ஜெனரேட்டரில் ஓடும் என்றார்கள். "சரி, மாற்று சர்வருக்குத் தாவுற ஃபெயிலோவர் பட்டனை அமுக்குறவன் எங்க இருக்கான்? மொட்டை மாடில, மொபைல்ல சார்ஜ் இல்லாம." டிஆர் வேறு ஊரில் இருக்க வேண்டும், அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பது அதற்கப்புறம் தானாகவே வந்தது.

இப்போது குறைகள். பர்ஃபாமன்ஸ் ட்யூனிங் (டேட்டாபேஸை வேகமாக்குவது) வாரங்களை சார் எடுக்கவில்லை. வேறு ஒரு இளைஞர் வந்தார். ஸ்லைடைப் படித்தார். க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) மெதுவாக இருந்தால் இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போடு, இன்னும் மெதுவாக இருந்தால் இன்னொரு இண்டெக்ஸ் போடு. ஒவ்வொரு இண்டெக்ஸும் ஒவ்வொரு இன்சர்ட்டிலும் கூலி கேட்கும் என்று ஒரு வார்த்தை இல்லை. லைவ் டேபிளில் கன்கரன்ட்லி என்கிற ஆப்ஷனைப் போடாமல் இண்டெக்ஸ் கட்டினால் அது முடியும்வரை யாரும் எழுத முடியாது என்பதும் இல்லை. க்வெரி எப்படி ஓடுகிறது என்று சொல்கிற எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் காட்டினார், நல்லது. ஆனால் அது க்வெரியை நிஜமாகவே ஓட்டிப் பார்க்கும், டெலீட்டுக்கு முன்னால் போட்டால் நிஜமாகவே டெலீட் ஆகும் என்று சொல்லவில்லை. நான்தான் கையைத் தூக்கிக் கேட்டேன். "அட்வான்ஸ்டு டாபிக் மேம்" என்றார். அட்வான்ஸ்டு இல்லை தம்பி, அதுதான் முதல் பாடம். ட்ரான்ஸாக்‌ஷனைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போகிற அப்ளிகேஷன்கள், அதாவது ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷன், எங்கள் ஆஃபீஸில் பாதி தலைவலிக்குக் காரணம். அதற்கு ஒரே ஒரு ஸ்லைடு.

இதைவிடப் பெரிய குறை ஆரக்கிள் பகுதியில். டேட்டாபேஸின் வேகம் பற்றிய ஏடபிள்யூஆர் ரிப்போர்ட் எடுப்பதை ஒரு வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அது டயக்னாஸ்டிக்ஸ் பேக் என்கிற தனி லைசென்ஸில் வருவது. என்டர்பிரைஸ் எடிஷன் வாங்கியிருந்தாலும் அதற்குத் தனிக் காசு. லைசென்ஸ் இல்லாத இடத்தில் ஆர்வக்கோளாறில் ஒரு பையன் ரிப்போர்ட் எடுத்தால், எடுத்ததை டேட்டாபேஸே தன் உபயோகப் புள்ளிவிவரத்தில் குறித்துவைத்துக்கொள்ளும். ஆடிட் வரும்போது பேசும். இதைச் சொல்லாமல் விட்டது என்னைப் பொறுத்தவரை பொறுப்பில்லாத்தனம்.

சட்டம் பக்கம் அரை மணி நேரம். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் கொடுத்த உத்தரவுப்படி, டேட்டா கசிந்தது போன்ற சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல், பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி வரை. இதையெல்லாம் சொன்னார்கள். ப்ரொடக்‌ஷன் டேட்டாவை அப்படியே டெஸ்ட்டுக்குக் காப்பி பண்ணி, வாடிக்கையாளர் போன் நம்பரோடு டெவலப்பருக்குக் கொடுக்கிற நம்ம ஊர்ப் பழக்கத்தைப் பற்றி, மாஸ்க் பண்ணுவது, அதாவது அந்த விவரங்களை மறைப்பது, எப்படி என்று, ஒரு லேப் வைத்திருக்கலாம். கிளவுட் வகுப்பு வெறும் கன்சோல் சுற்றுலா.

சில்லறை விஷயங்கள். பைக் நிறுத்த இடமில்லை, ரயிலில் வந்தால் வேளச்சேரி ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். இடைவேளையில் எதிர்த்த கடை டீ நன்றாக இருக்கும், பஜ்ஜி சுமார். வகுப்பு வீடியோ மூன்று மாதம் பார்க்கலாம் என்கிறார்கள். ஒலி கேட்காது, சார் மைக் போட மறுக்கிறார்.

எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த இரண்டு பேரில் ஒருவனுக்கு சப்போர்ட் டீமில் வேலை பார்த்த அனுபவம் இருக்கிறது, அவனை அடுத்த பேட்ச்சுக்கு அனுப்புகிறேன். இன்னொருத்தி காலேஜிலிருந்து நேராக வந்தவள். அவளுக்கு ஆஃபீஸிலேயே ஒரு பழைய சர்வரைக் கொடுத்து, அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியை நாங்களே நடத்தப்போகிறோம். டேபிளை யார் ட்ராப் பண்ணுவது என்பதில்தான் டீமில் போட்டி. நீங்கள் சேர்வதாக இருந்தால் கவுன்சலரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: ரீஸ்டோர் லேபை எடுப்பது வங்கியிலிருந்து வந்த சார்தானா, ட்யூனிங் பகுதியைக் கழித்துவிட்டுக் கட்டணம் குறைப்பார்களா. முதலாவதற்கு ஆமாம் என்றால்தான் பணம் கட்டுங்கள். இரண்டாவதை நான் கேட்டதற்கு மேனேஜரிடம் பேசிச் சொல்கிறேன் என்றார், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.